குளிர் இரவில் டென்டுக்குள் ஈரம் படியாமல் பார்த்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

குளிரில் டென்ட் போட்டுத் தங்கும் பலரும் படுக்கும் முன் செய்யும் கடைசிக் காரியம், கண்ணில் படும் ஜிப்பை எல்லாம் இழுத்து மூடுவது. விடிகாலையில் பார்த்தால் கூரையின் உட்புறம் முழுக்க நீர்த்துளி, ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் சொதசொதவென்று ஈரம், தலைமாட்டில் மடித்து வைத்த ஜாக்கெட்டும் நனைந்திருக்கும். இரவில் மழையே பெய்திருக்காது. டென்ட் ஒழுகுகிறது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது ஒழுகியிருக்காது. உள்ளே படுத்திருந்தவர்களின் மூச்சிலிருந்தும், அடியில் இருந்த மண்ணிலிருந்தும், சுற்றியிருந்த காற்றிலிருந்தும் வந்த தண்ணீர்தான் அது.

கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். உடம்பைச் சூடாக வைப்பது ஸ்லீப்பிங் பேக், மேட், உடை இவற்றின் வேலை. டென்டின் வேலை மழையையும் பலத்த காற்றையும் தடுப்பது, அவ்வளவுதான். டென்டை மூடிச் சூடாக வைத்துக்கொள்ளப் பார்த்தால் ஒன்றிரண்டு டிகிரி கிடைக்கும். அதற்கு விலையாக ஸ்லீப்பிங் பேக் நனையும். நனைந்த பேக்கில் அடுத்த இரவு அதைவிட மோசமாகக் குளிரும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீராவி இருக்க முடியும். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. மைனஸ் 10 டிகிரியில் 2 கிராம் சொச்சம்தான். அதற்கு மேல் உள்ளதெல்லாம் கையில் கிடைக்கும் குளிர்ந்த பரப்பில் துளியாகப் படியும்.

தூங்கும் ஒருவரின் மூச்சும் தோலும் சேர்ந்து மணிக்குத் தோராயமாக 30 கிராம் ஈரத்தை வெளியே விடும். எட்டு மணி நேரத்தில் அது கால் லிட்டர். இரண்டு பேர் என்றால் அரை லிட்டர். இருவர் படுக்கும் டென்டுக்குள் இருப்பது சுமார் 3 கன மீட்டர் காற்று. 0 டிகிரியில் அந்தக் காற்று மொத்தமாகத் தாங்குவது 15 கிராம். தொடக்கத்தில் அதில் ஈரமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். மிச்ச இரவு முழுக்க விடும் மூச்சின் ஈரம் எங்கே போகும் என்பதற்கு விடை கூரையில் இருக்கிறது.

இரண்டாவது மூலம் மண். மழை பெய்து ஓய்ந்த தரையும், பச்சைப் புல்லும் இரவு முழுக்க ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். டென்டின் தரைத்துணி அடியில் வருவதைத் தடுத்துவிடும். ஆனால் வாசலுக்கு வெளியே மேல்துணி கவிந்திருக்கும் இடத்தில், அதைத் தாழ்வாரம் என்று வைத்துக்கொள்வோம், பெரும்பாலும் வெறும் மண்தான் இருக்கும். அங்கிருந்து எழும் ஈரம் நேராக மேல்துணியில் போய் ஒட்டும்.

மூன்றாவதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை: வானம். மேகமில்லாத இரவில் டென்டின் மேல்துணி, அதாவது ஃபிளை, தன் வெப்பத்தை மேல்நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். மெல்லிய துணி என்பதால் சீக்கிரமே குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். அந்த நிலையில் வெளிக்காற்று பட்டாலே அதில் நீர் படியும். திறந்த வெளியில் நிறுத்திய காரின் கூரை விடிகாலையில் நனைந்து கிடக்கும். பக்கத்திலேயே மரத்தடியில் நிற்கும் கார் காய்ந்திருக்கும். டென்டுக்கும் அதே கதைதான். ஆளே படுக்காத டென்டின் ஃபிளைகூட உட்புறம் நனைந்திருப்பது இதனால்தான்.

ஆக, காற்றோட்டம் மட்டும் போதும் என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். வானம் தெளிந்து, காற்று அசையாமல், மண்ணும் ஈரமாக இருக்கும் இரவில், 0 முதல் 5 டிகிரிக்குள் குளிர் இருந்தால், எவ்வளவு திறந்து வைத்தாலும் ஃபிளை கொஞ்சம் நனையத்தான் செய்யும். அதனால் வேலை டென்ட் கட்டும் முன்பே தொடங்குகிறது.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகப் பலன் தருவது இதுதான். வேறெதற்கும் நேரமில்லை என்றாலும் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆற்றங்கரையும் பள்ளத்தாக்கின் அடியும் பார்க்க அழகாக இருக்கும். இரவில் அங்கேதான் அதிகக் குளிர், அதிக ஈரம், அதிக மூடுபனி. அங்கிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் மேலே ஏறினாலே வித்தியாசம் உடம்பில் தெரியும். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளியிருங்கள். நீர்நிலையைக் காக்கச் சொல்லப்படும் தூரமும் அதுவே.

அடுத்து, தலைக்கு மேலே ஏதாவது இருக்க வேண்டும். மரத்தின் கிளையும் இலையும் வானத்துக்கும் ஃபிளைக்கும் நடுவே நின்றால், ஃபிளை அந்த அளவுக்குக் குளிராது. ஆனால் மரத்தடியில் கட்டும் முன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்து தொங்கும் கிளையோ, சாயும் நிலையில் உள்ள பட்ட மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். ஈரத்தைவிட அது பெரிய ஆபத்து.

தரையில் சருகு, ஊசியிலை, மணல், சரளை இருந்தால் நல்லது. அடர்ந்த பச்சைப் புல் மெத்தென்று இருக்கும்; ஈரத்தைப் பொறுத்தவரை அது மோசமான தரை. உள்ளங்கையைத் தரையில் அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருந்து எடுங்கள். கை பிசுபிசுத்தால் வேறு இடம் பாருங்கள்.

மென்காற்று இருக்கும் இடம் இரண்டு வகையில் உதவும். உள்ளே இருக்கும் ஈரக்காற்றை வெளியே தள்ளும். வானத்தை நோக்கிக் குளிர்ந்துகொண்டிருக்கும் ஃபிளையைச் சுற்றுக் காற்றின் வெப்பநிலைக்கு இழுத்துக்கொண்டு வரவும் செய்யும். நாலாபுறமும் அடைத்த மூலை வசதியாகத் தோன்றினாலும், புயல் வராத இரவில் அதைத் தவிர்த்துவிடலாம்.

படி 2: ஃபிளையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள்

இரண்டு அடுக்கு டென்ட் செய்யும் வேலை எளிமையானது. மூச்சின் ஈரம் உள்துணி வழியாகக் கடந்து போய், வெளியே இருக்கும் ஃபிளையில் படிந்து, அதன் உட்புறமாகவே வழிந்து தரையில் இறங்கும். படுத்திருப்பவர் மேல் ஒரு சொட்டும் விழாது. ஆனால் இரண்டு துணிகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்வரைதான் இது நடக்கும். ஃபிளை தொய்ந்து உள்துணியில் ஒட்டிக்கொண்டால், ஒட்டிய இடத்தில் ஈரம் அப்படியே உள்ளே கசியும்.

முளைகளை ஆழமாக அடித்து, பக்கவாட்டுக் கயிறுகளையும் கட்டுங்கள். மழையில்லாத நாளில் பலர் அந்தக் கயிறுகளைப் பையிலேயே விட்டுவிடுகிறார்கள். சுவரை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து இடைவெளியை உண்டாக்குவதே அவைதான். நைலான் துணி ஈரம் பட்டால் நீளும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. மாலையில் விறைப்பாக இருந்த நைலான் ஃபிளை பத்து மணிக்குத் தொய்ந்திருக்கும். படுக்கப் போகும் முன் ஒருமுறை டென்டைச் சுற்றி வந்து கயிறுகளை இறுக்குங்கள்.

டென்டுக்கு அடியில் கூடுதல் விரிப்பு போட்டால், அது ஃபிளையின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரைப் பிடித்து அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். அதே மாதிரி ஒரு துண்டு விரிப்பைத் தாழ்வாரத்து வெறும் மண்மேலும் போடுங்கள். செலவில்லாத வேலை, நல்ல பலன்.

ஒற்றை அடுக்கு டென்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடைவெளியே கிடையாது. படியும் நீர் தொட்டுவிடும் தூரத்திலேயே இருக்கும். அதனால் இடமும் காற்றோட்டமும் அவர்களுக்கு இரட்டிப்பு முக்கியம். துடைக்க ஒரு துணியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். புதிதாக வாங்குவதானால், குளிருக்கு இரண்டு அடுக்கு டென்டை வாங்குங்கள் என்பேன். எடை கொஞ்சம் கூடும், தூக்கம் கெடாது.

படி 3: கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி

மூச்சுக் காற்று வெதுவெதுப்பானது, மேலே ஏறும். அது வெளியேற உச்சியில் ஒரு திறப்பு, அதாவது வென்ட், வேண்டும். வெளியேறும் காற்றின் இடத்தை நிரப்பக் கீழே இன்னொரு திறப்பு வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் காற்று நகராது. மேல் வென்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஃபிளையின் ஓரத்தைத் தரையோடு ஒட்டக் கட்டினால் பாதிப் பலன்கூட வராது.

செய்ய வேண்டியது இதுதான். காற்று வரும் பக்கத்தில் ஃபிளையின் ஓரத்தைத் தரையிலிருந்து ஒரு கையகலம் உயர்த்திக் கட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் மேல் வென்ட்டை முழுக்கத் திறந்து, அதை நிமிர்த்திப் பிடிக்கும் குச்சி இருந்தால் மாட்டிவிடுங்கள். வாசல் ஜிப் இரண்டு பக்கமும் நகரும் வகை என்றால், மேலிருந்து கீழே இறக்கி ஒரு சாண் அளவு திறந்து விடுங்கள். மழை இல்லாத இரவில் தாழ்வாரக் கதவில் ஒரு பக்கத்தைச் சுருட்டிக் கட்டிவிடுவதே சிறந்தது.

உள்துணிக் கதவில் வலையும் துணியும் தனித்தனியாக இருந்தால், வலையை மட்டும் மூடித் துணியின் மேல்பாதியைத் திறந்து வையுங்கள்.

திறப்பு போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. உள்ளே உட்கார்ந்து, கையை நீரில் நனைத்து மேல் வென்ட்டின் அருகே பிடியுங்கள். தோலில் மெல்லிய குளிர்ச்சி நகர்ந்து போவது தெரிந்தால் காற்று ஓடுகிறது. ஒன்றும் தெரியாவிட்டால் கீழே இன்னும் கொஞ்சம் திறங்கள்.

குளிருமே என்பார்கள். முகத்தில் கொஞ்சம் குளிரும்தான். அதற்குக் குல்லாயும் கழுத்துத் துணியும் போட்டுக்கொள்ளலாம். ஈரமான பேக்கைக் காப்பாற்ற நள்ளிரவில் எதுவும் செய்ய முடியாது.

படி 4: ஈரத்தை உள்ளே கொண்டுவராதீர்கள்

நனைந்த ஜாக்கெட், சாக்ஸ், ஷூ எல்லாம் உள்ளே காயாது. அவற்றிலிருக்கும் தண்ணீர் கூரைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஈர உடைகளை ஒரு பையில் கட்டித் தாழ்வாரத்தில் வையுங்கள். ஷூவையும் அங்கேயே. உறையும் குளிர் என்றால் ஷூவை நீர்புகாப் பையில் போட்டு இறுக்கி, ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். காலையில் கல்லாகிப் போயிருக்காது.

உள்ளே சமைக்காதீர்கள். கொதிக்கும் நீரின் ஆவி ஒரு பக்கம் இருக்கட்டும், கேஸ் எரிவதே தண்ணீரை உண்டாக்கும். 100 கிராம் பியூட்டேன் முழுதாக எரிந்தால் சுமார் 155 கிராம் நீராவி வரும், எரித்த கேஸின் எடையைவிட அதிகம். அதைவிடப் பெரிய விஷயம், மூடிய இடத்தில் அடுப்போ கரியோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பாமலே கொன்றுவிடும். குளிர் தாங்கவில்லை என்று எரியும் அடுப்பையோ கரிச்சட்டியையோ டென்டுக்குள் வைப்பதை எந்தச் சூழலிலும் செய்யக் கூடாது. சமையல் வெளியே, டென்டிலிருந்து நன்றாகத் தள்ளி.

சூடு வேண்டும் என்றால் கொதித்த நீரை நல்ல மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்துப் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சூடு கிடைக்கும், ஈரம் வராது. மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

படி 5: படுக்கும் விதம்

குளிரும்போது முகத்தைப் பேக்குக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடுவது இயல்பாக வரும் பழக்கம். அந்த மூச்சு முழுக்கப் பேக்கின் நிரப்புக்குள் போகும். இறகு நிரப்பிய பேக் என்றால் ஈரத்தில் இறகு கட்டிதட்டி, சூடு பிடிக்கும் தன்மையை இழக்கும். செயற்கை இழை கொஞ்சம் தாங்கும், அதுவும் ஓரளவுக்குத்தான். பேக்கின் தலைப்பகுதிக் கயிற்றை இறுக்கி, மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். மூக்கு குளிர்ந்தால் மெல்லிய கழுத்துத் துணியை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். துணி நனைந்தால் காலையில் காயவைத்துக்கொள்ளலாம்.

பேக்கின் கால்பக்கம் சுவரில் இடிக்கிறதா என்று பாருங்கள். உயரமானவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மூலைவிட்டமாகப் படுத்தால் இடம் கிடைக்கலாம். முடியாவிட்டால் மழை ஜாக்கெட்டைக் கால்பக்கத்தில் போர்த்திவிடுங்கள். பேக் முழுவதையும் நீர்புகாத் துணியால் மூடினால் உடம்பின் ஈரம் உள்ளேயே அடைபடும், அதனால் கால்பக்கம் மட்டும் போதும்.

தலையை வென்ட் இருக்கும் பக்கம், வாசலருகே வைத்துப் படுங்கள். மூச்சு டென்டின் முழு நீளமும் பயணம் செய்யாமல் சீக்கிரம் வெளியேறும்.

அப்புறம், அதிக உடை போட்டுக்கொண்டு வியர்த்துப் படுக்காதீர்கள். படுத்த அரை மணி நேரத்தில் புழுக்கமாக இருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றிவிடுங்கள். அந்த வியர்வைதான் மூன்று மணிக்குக் குளிராகத் திரும்பி வரும்.

படி 6: நடு இரவிலும் காலையிலும்

ஒரு மைக்ரோஃபைபர் துணியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எழ நேர்ந்தால் சுவரில் உரசாமல் மெதுவாக எழுந்து, கூரையைத் துடைத்துப் பிழிந்து வெளியே ஊற்றுங்கள். துளிகள் சிறியதாக இருக்கும்வரை துணியில் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதானதும் கனம் தாங்காமல் ஓடத் தொடங்கும். வழியில் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு தையல் மடிப்பிலோ வளைவிலோ வந்து சொட்டும். அதற்கு முன் துடைத்துவிட்டால் தொல்லை இல்லை.

காலையில் எழுந்ததும் முதல் வேலை, பேக்கின் ஜிப்பை மூடிக் கால்பக்கத்திலிருந்து கழுத்துப் பக்கமாக அழுத்தி, உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்றை வெளியே தள்ளுவது. பேக் குளிர்ந்துவிட்டால் அந்த ஈரம் நிரப்பிலேயே தங்கிவிடும். பிறகு வெயிலிலோ காற்றிலோ விரித்துப் போடுங்கள்.

மேட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் இருப்பது சாதாரணம். குளிர்ந்த தரைத்துணியில் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் படிந்திருக்கும். துடைத்துவிட்டு மேட்டை நிமிர்த்தி வையுங்கள்.

இந்த நேரத்தில்தான் ஒழுகலா, ஈரப்படிவா என்று கண்டுபிடிக்கவும் முடியும். ஃபிளையின் உட்புறம் முழுக்க ஒரே சீராகத் துளிகள் இருந்தால் அது படிவு. ஒரு தையலையோ ஒரு புள்ளியையோ ஒட்டி மட்டும் கோடாக ஈரம் இருந்தால் ஒழுகல். மழை பெய்யும் இரவில் இது குழப்பும். மழைத்துளி ஃபிளையை அடிக்கும்போது, உட்புறம் படிந்திருந்த நீர் பொடித்தூறலாக உதிர்ந்து வலை வழியே முகத்தில் விழும். மழை துணியைத் துளைத்து வருவது போலவே இருக்கும். அந்த இடத்தைத் துடைத்துவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். தூறல் நின்றால் துணியில் பழுதில்லை.

உறைநிலைக்குக் கீழே

0 டிகிரிக்கு நன்றாகக் கீழே போனால் ஈரம் துளியாக நிற்காமல் பனிப்பூச்சாக ஒட்டிக்கொள்ளும். ஒரு வகையில் இது நல்லது, பனி வழியாது. ஆனால் சுவரைத் தட்டினால் பொடியாக உதிர்ந்து பேக்கின்மேல் விழும், உடம்புச் சூட்டில் உருகும். வெயில் டென்டின்மேல் விழும் முன்பே, உள்ளிருப்பவற்றை ஓரமாகச் சுருட்டிவிட்டு, சின்ன பிரஷ்ஷால் பனியைத் துடைத்துக் கூட்டி வெளியே தள்ளுங்கள். வெயில் வந்த பிறகு என்றால் ஐந்தே நிமிடத்தில் எல்லாம் தண்ணீர்.

பனி விழும் இரவில் ஃபிளையின் ஓரங்களைப் பனி மூடிக்கொண்டே வரும். கீழ்த் திறப்பு அடைந்தால் ஈரம் மட்டும் பிரச்சினை இல்லை, மூச்சுக்கான காற்றே குறையும். எழுந்து போய்ப் பனியைத் தள்ளிவிடச் சோம்பல் படாதீர்கள்.

பல நாள் தொடர்ந்து மைனஸ் 15 டிகிரி போன்ற குளிரில் தங்குபவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. உடம்பின் ஈரம் பேக்கின் நிரப்பைக் கடக்கும் முன்பே நடுவில் உறைந்துவிடும். நாளுக்கு நாள் பேக் கனத்துக்கொண்டே போகும். அங்கே ஆவிபுகா உட்பையைப் பேக்குக்குள் போட்டு, மெல்லிய உள்ளுடையோடு அதற்குள் படுப்பார்கள். பிசுபிசுப்பாக இருக்கும், பழக வேண்டும். ஓரிரு இரவுக்கும் மிதமான குளிருக்கும் இது தேவையில்லை.

பலன் தராதவை

சிலிக்கா ஜெல் பொட்டலங்களை டென்டுக்குள் தொங்கவிடச் சொல்வார்கள். நல்ல ஈரத்திலும் அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் உறிஞ்சும். இருவரின் ஒரு இரவு ஈரத்துக்கே ஒன்றரை கிலோ தேவைப்படும். கேமரா பைக்குள் வைக்க நல்லது, டென்டுக்கு அல்ல. மெழுகுவத்தி விளக்கும் அப்படித்தான். எரியும் எதுவும் நீராவியைச் சேர்க்கும், நெருப்பு ஆபத்து வேறு. பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி, காற்றே அசையாத இரவில் ஓரளவு உதவும், அதுவும் வென்ட்டுகள் திறந்திருந்தால் மட்டும். மூடிய டென்டுக்குள் அது ஈரக்காற்றைச் சுற்றிவிடும், அவ்வளவே.

மடித்து எடுக்கும்போது

ஃபிளையைத் தனியாகக் கழற்றி நன்றாக உதறி, துடைத்து, தனிப்பையில் போடுங்கள். ஈர ஃபிளையையும் காய்ந்த உள்துணியையும் சேர்த்துச் சுருட்டினால் அடுத்த இரவு இரண்டுமே ஈரம். வழியில் மதியம் நிற்கும்போது வெயில் இருந்தால் பையிலிருந்து எடுத்து ஒரு புதர்மேலோ பாறைமேலோ விரியுங்கள். மெல்லிய துணி, கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கொடியில் போட்டு, தையல் மடிப்புகளும் கயிறுகளும்கூட நன்றாக உலர்ந்த பிறகே மடியுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த டென்டில் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரியும், அதை மீட்க வழியில்லை. ஸ்லீப்பிங் பேக்கையும் சின்னப் பையில் அழுத்தி வைக்காமல், பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.